பனிமலையில் ஒரு விடுமுறை



பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகள், “எங்கே போகலாம்?” என்று கேட்பார்கள். பாட்டி வீட்டுக்குப் போகலாம், பினாங்குக்குப் போகலாம், கொஞ்சம் வசதியிருந்தால் கேமரன் மலைக்கும் போய் வரலாம். ஐரோப்பாவிலே இதே கேள்வி குளிர்காலத்தில் எழுந்தால், பலர் சொல்லும் விடை, “பனிமலைக்குப் போய்ச் சறுக்கி விளையாடலாம்” என்பதுதான். இரண்டு நீளமான பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு, வெண்பனி மூடிய மலைச்சரிவில் வழுக்கிக்கொண்டு இறங்கும் விளையாட்டு அது. தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, இதைப்பற்றி நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். இந்த விடுமுறையின் வரலாற்றைத் தோண்டிப் பார்த்தால், அடியிலே கிடப்பது ஏழைகளின் வரலாறு. வயிற்றுப் பாட்டுக்காகப் பெற்ற பிள்ளைகளை அயலூருக்குக் கூலி வேலைக்கு அனுப்பிய மலைவாசிகளின் வரலாறு. ஓய்வு எங்களுக்கும் உரிமைதான் என்று கேட்டுப் பெற்ற தொழிலாளர்களின் வரலாறு. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

நாம் போகும் இடம் ஆஸ்திரியா நாட்டின் மேற்கே உள்ள ஆர்ல்பெர்க் என்னும் மலைப்பகுதி. ஆல்ப்ஸ் மலைத்தொடரைச் சேர்ந்தது. அங்கே ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் சாங்க்ட் ஆன்டன் என்ற ஊர் இருக்கிறது. நம் கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரம். அப்படியானால் தானா ராத்தாதான் உயரம்! ஆனால் அங்கே வெண்பனி விழுவதில்லை. ஏன்? நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சூரியன் ஆண்டு முழுவதும் நம் தலைக்கு மேலே நின்று சுடுகிறது. ஆர்ல்பெர்க் மிகவும் வடக்கே இருப்பதால், குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகச் சாய்ந்தே போகிறது, பகலும் குறுகிவிடுகிறது. மேகத்திலுள்ள நீர் மழையாகாமல், பஞ்சுபோன்ற வெண்துகளாக விழுகிறது. விழுந்த பனி உருகாமல் மாதக்கணக்கில் தரையை மூடிக் கிடக்கிறது. விடியற்காலையில் நம் தோட்டத்துப் புல்லின்மேல் நிற்கும் பனித்துளியை நினைத்துக்கொண்டு இதைக் கற்பனை செய்ய முடியாது. ஆள் உயரத்துக்கும் மேலே குவிந்து, வீட்டு வாசலையே அடைத்துவிடும் பனி இது.

இன்று அந்தப் பனியைத் தேடி மக்கள் பணம் கொடுத்துப் போகிறார்கள். முன்னாளில் அதற்கு அஞ்சி நடுங்கினார்கள்.

ஆர்ல்பெர்க் மலையில் 1,793 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய் உண்டு. கிழக்கேயும் மேற்கேயும் போகிற வழிப்போக்கர்கள் அதைத் தாண்டியே ஆகவேண்டும். பனிப்புயலில் வழிதவறி விறைத்துச் செத்தவர்கள் எத்தனையோ பேர். 14-ஆம் நூற்றாண்டில் அங்கே ஹைன்ரிஷ் என்ற ஒரு மேய்ப்பர் இருந்தார். பெற்றோர் யாரென்று தெரியாத, கண்டெடுத்து வளர்க்கப்பட்ட பிள்ளை. அதனால் ‘ஃபின்டெல்கின்ட்’, அதாவது ‘கண்டெடுத்த பிள்ளை’ என்பதே அவருக்குப் பெயராயிற்று. மலையிலிருந்து எடுத்துவரப்பட்ட பிணங்களைப் பார்த்துப் பார்த்து அவர் மனம் உருகியது. கூலி வேலை செய்து சேர்த்த பணத்தைப் போட்டு, ஊர் ஊராகச் சென்று பிறரிடமும் நன்கொடை கேட்டு, 1386-இல் கணவாயின் அருகே வழிப்போக்கருக்கு ஒரு சத்திரம் கட்டினார். சாங்க்ட் கிறிஸ்டோஃப் சத்திரம் என்று அதற்குப் பெயர். பனிமலையில் விருந்தோம்பல் தொடங்கியது அப்படித்தான். பணம் படைத்தவர் தொடங்கவில்லை. தாய் தந்தை பெயர் தெரியாத ஒரு கூலிக்காரர் தொடங்கினார்.

அந்த மலையில் நிலம் குறைவு. பயிர் விளையும் காலமும் குறைவு. மாடு வளர்த்து, பாலும் பாலாடைக்கட்டியும் செய்து பிழைத்தார்கள். பிள்ளைகள் பலர், உணவோ கொஞ்சம். ஆகவே ஒரு கொடிய வழக்கம் உண்டாயிற்று. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில், ஏழெட்டு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் கூட்டமாகப் புறப்படுவார்கள். பனி இன்னும் உருகாத கணவாய்களை நடந்தே கடந்து, தெற்கு ஜெர்மனியின் ஸ்வாபியா நாட்டுக்குப் போவார்கள். ராவென்ஸ்புர்க் முதலிய ஊர்களில் சந்தை கூடும். மாட்டுச் சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல, பண்ணைக்காரர்கள் பிள்ளைகளைப் பார்த்து, பேரம் பேசி, மாடு மேய்க்க அழைத்துப் போவார்கள். நவம்பர் மாதத்தில்தான் ஊர் திரும்புவார்கள். கூலி என்ன? சாப்பாடு, உடுத்த இரண்டு துணி, கையில் கொஞ்சம் காசு. வீட்டில் உண்ணும் வாய் ஒன்று குறைந்ததே பெற்றவர்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது.

இந்தப் பிள்ளைகளை ‘ஸ்வாபியப் பிள்ளைகள்’ என்று சொல்வார்கள். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானோர் இப்படிப் போனார்கள். ஸ்வாபியாவில் அந்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டாயம். கூலிக்கு வந்த பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை. 1921-இல் அவர்களுக்கும் பள்ளி கட்டாயம் என்று ஆன பிறகுதான் இந்த வழக்கம் ஓய்ந்தது. பாருங்கள், பள்ளிக்கூடத்தின் கதவு திறந்ததும் பிள்ளைச் சந்தையின் கதவு அடைபட்டது.

இப்படிப்பட்ட மலைக்கு மாற்றம் எப்படி வந்தது? முதலில் இரயில் வந்தது. 1880-இல் தொடங்கி, மலையைக் குடைந்து 10 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள சுரங்கப்பாதை அமைத்தார்கள். 1884-இல் இரயில் ஓடியது. அந்த வேலையில் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். தனித்துக் கிடந்த சாங்க்ட் ஆன்டன், அதன்பின் வெளியூர்க்காரர் எளிதாக வந்திறங்கும் ஊராயிற்று.

அடுத்து வந்தது சறுக்குப் பலகை. அது ஆல்ப்ஸ் மலையில் பிறந்ததன்று. வடக்கே நார்வே, சுவீடன் முதலிய நாடுகளில் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. சுவீடனில் சேற்று நிலத்திலிருந்து அத்தனை பழமையான சறுக்குப் பலகை ஒன்று கிடைத்திருக்கிறது. வேட்டைக்குப் போகவும், அண்டை வீட்டுக்குப் போகவும் பயன்பட்ட நடைவண்டி என்று அதைச் சொல்லலாம். காலைப் புதைத்துவிடும் பனியில், நீண்ட பலகை உடலின் பாரத்தைப் பரப்பித் தாங்குகிறது.

அதை விளையாட்டாக வளர்த்தவர்களில் முதல்வர் சோன்ட்ரே நூர்ஹெய்ம். 1825-இல் நார்வேயின் மோர்கெடால் என்ற சிற்றூரில் பிறந்தவர். சொந்த நிலமில்லாத குடியானவர். அதுவரை பலகையில் கால்விரல் பக்கம் மட்டுமே கட்டப்பட்டிருந்தது. துள்ளினால் பலகை கழன்றுவிடும். அவர் முறுக்கிய மரக்கொடியைக் குதிகாலைச் சுற்றிக் கட்டினார். பலகையின் இடையையும் சற்று ஒடுங்கச் செதுக்கினார். இப்போது பலகை காலோடு காலாக நின்றது; நினைத்த பக்கம் திரும்பியது. 1868-இல் தலைநகரில் நடந்த போட்டியில், தம் 42-ஆம் வயதில் அவர் முதல் பரிசு பெற்றார். ஆனால் புகழ் வயிற்றை நிரப்பவில்லை. 1884-இல் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். 1897-இல், பெரும்பாலும் சமவெளியாகவே உள்ள வடக்கு டகோட்டாவில் இறந்தார். அவருடைய கல்லறை நெடுங்காலம் பெயர்ப்பலகைகூட இல்லாமல் கிடந்தது. கடல் கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களாகிய நமக்கு இந்தச் செய்தியின் கனம் புரியும்.

1888-இல் ஃபிரிட்ஜோஃப் நான்சென் என்ற நார்வேக்காரர் கிரீன்லாந்துத் தீவைச் சறுக்குப் பலகையில் குறுக்காகக் கடந்தார். அவர் எழுதிய நூலைப் படித்து ஐரோப்பா முழுவதும் ஆர்வம் பற்றிக்கொண்டது. 1901 ஜனவரி 3-ஆம் நாள், ஆர்ல்பெர்க்கில் ஒரு பனிச்சறுக்குச் சங்கம் தொடங்கினார்கள். எங்கே தெரியுமா? ஹைன்ரிஷ் கட்டிய அதே சாங்க்ட் கிறிஸ்டோஃப் சத்திரத்தில்!

கணவாயின் மேற்குப் பக்கத்தில் ஸ்டூபென் என்ற சிறு கிராமம். அங்கே 1890-இல் பிறந்தவர் ஹானெஸ் ஷ்னைடர். பிரெகென்ஸ் நகரிலிருந்து வந்த விக்டர் ஸோம் என்பவரிடம் சிறுவனாக இருக்கும்போதே சறுக்கக் கற்றார். 1907-இல் சாங்க்ட் ஆன்டனில் கார்ல் ஷூலர் என்ற தங்குவிடுதி உரிமையாளர், 17 வயது ஹானெஸை வேலைக்கு அமர்த்தினார். விருந்தினருக்குச் சறுக்கக் கற்றுக்கொடுப்பதே வேலை. ஸ்வாபியப் பிள்ளைகளின் வழக்கம் முற்றிலும் ஓயாத காலம் அது. அதே மலையில் ஓர் இளைஞன், பனிக்கு அஞ்சி ஓடாமல், பனியைக்கொண்டே சம்பளம் வாங்கினான். அந்த ஊர்களின் வரலாறு அங்கேதான் திரும்பியது என்று சொல்லலாம்.

ஷ்னைடரின் பாடமுறை எளிமையானது. நிமிர்ந்து நிற்காதே, முழங்காலை மடக்கி, உடலை முன்னே தாழ்த்து. பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகட்டினால் வேகம் குறையும். ஒரு காலில் பாரத்தை ஊன்றினால் எதிர்ப்பக்கம் திரும்பலாம். ஒரு படி தேறியபின்தான் அடுத்த படி. தேர்ச்சிக்கு ஏற்ப வகுப்புப் பிரித்து, பள்ளிக்கூடம்போலவே நடத்தினார். முதலாம் உலகப்போரில் படைவீரர்களுக்கு இதே முறையில் பயிற்சி கொடுத்தார். போருக்குப்பின், 1920-களின் தொடக்கத்தில், அவருடைய சறுக்குப் பள்ளி புகழ்பெற்றது. உடல் வலிமை மிக்க சிலருக்கே உரியது என்றிருந்த விளையாட்டு, ஆண், பெண், பிள்ளை எல்லாரும் கற்கக்கூடியதாயிற்று.

அங்கே விடுமுறைநாள் எப்படிக் கழியும்? காலையில் தடித்த கம்பளி உடை, கனமான காலணி, கண்ணைக் கூசவைக்கும் வெண்மைக்குக் கறுப்புக் கண்ணாடி. சரிவில் புதிதாகக் கற்பவர்கள் விழுவதும் எழுவதுமாக இருப்பார்கள். விழாமல் கற்றவர் எவருமில்லை. நடுப்பகலில் மலைக்குடிலில் சூடான சூப். மாலை நாலரை, ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். பிறகு விடுதியில் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து, ஈரக் காலணியைக் காயவைத்து, பாட்டும் பேச்சுமாகப் பொழுது போகும். ஆனால் அந்த நேரத்தில் சமையலறையில் பாத்திரம் தேய்ப்பவர், படுக்கை விரிப்பவர், விடியுமுன் எழுந்து வாசல் பனியை வாரிக்கொட்டுபவர் என்று ஒரு கூட்டம் உழைத்துக்கொண்டிருக்கும். ஒருவருடைய ஓய்வு இன்னொருவருடைய வேலை. இதை நாம் மறக்கக்கூடாது.

இனி ஒரு முக்கியமான கேள்வி. அந்த ஓய்வு யாருக்குக் கிடைத்தது? தொடக்கத்தில் வசதி படைத்தவர்களுக்குத்தான். நகரத் தொழிலாளி ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போயிற்று. அவனுக்கு மலை ஏது, விடுமுறை ஏது?

1895-இல் வியன்னா நகரில் மூவர் சேர்ந்து ‘இயற்கை நண்பர்கள்’ என்னும் சங்கத்தைத் தொடங்கினார்கள். கேயோர்க் ஷ்மீட்ல் ஓர் ஆசிரியர். அலோயிஸ் ரோராவர் ஒரு கொல்லர். கார்ல் ரென்னர் ஒரு மாணவர். தொழிற்சாலைப் புகையில் வாடும் தொழிலாளியும் மலைக்காற்றை மூச்சு வாங்கவேண்டும் என்பது அவர்கள் நோக்கம். உறுப்பினர்கள் சல்லிக்காசாகச் சேர்த்துத் தங்கும் குடில்கள் கட்டினார்கள். முதற்குடில் 1907-இல் டிரோல் மலையில் திறக்கப்பட்டது. “மலை எல்லார்க்கும் பொது” என்பதே அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் வணக்கத்தின் கருத்து.

ஆனால் குடில் இருந்தால் போதுமா? போக நாள் வேண்டுமே! 1919-இல் ஆஸ்திரியாவில் ஒரு சட்டம் வந்தது. ஓராண்டு வேலை செய்த தொழிலாளிக்குச் சம்பளத்துடன் ஒரு வார விடுமுறை, ஐந்தாண்டு வேலை செய்தவருக்கு இரண்டு வாரம். அதற்கு முயன்ற அமைச்சர் ஃபெர்டினாண்ட் ஹானுஷ், ஏழை நெசவாளியின் மகன். சிறுவயதிலேயே தறியில் உட்கார்ந்தவர். அப்போது அரசாங்கத்தின் தலைவராக இருந்தவர் யார்? 1895-இல் சங்கம் தொடங்கிய அந்த மாணவர், கார்ல் ரென்னர்தான்! விதைத்தவர் கையாலேயே அறுவடையும் நடந்தது.

பிரான்சில் 1936-இல் நாடு தழுவிய வேலைநிறுத்தங்களுக்குப்பின் இரண்டு வாரச் சம்பள விடுமுறை சட்டமாயிற்று. அதே ஆண்டில் அனைத்துலகத் தொழில் நிறுவனமும் சம்பள விடுமுறைக்கென ஓர் உடன்படிக்கை வகுத்தது. 1958-இல் அந்நிறுவனம் தோட்டத் தொழிலாளருக்கென்றே தனி உடன்படிக்கை கண்டது. அதிலும் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுமுறை இடம்பெற்றது. நம் மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டமும் ஆண்டு விடுப்பைத் தொழிலாளரின் உரிமையாக வகுத்திருக்கிறது.

நம் நாடுகளைப் போன்ற வெப்ப நாடுகளுக்கும் பனிச்சறுக்குக்கும் ஒரு சுவையான தொடர்பு உண்டு. தொடக்க நாளில் மேலேயிருந்து சறுக்க வேண்டுமென்றால், முதலில் காலால் ஏறவேண்டும். இரண்டு மணி நேரம் ஏறினால் சில நிமிடம் இறங்கலாம். 1934-இல் சுவிட்சர்லாந்தின் டாவோஸில், ஓடும் கம்பிவடத்தால் மேலே இழுபட்டுப் போகும் கருவி அமைந்தது. 1936-இல் அமெரிக்காவின் சன் வேலி என்ற இடத்தில் தொங்கும் நாற்காலிகள் வந்தன. அதை வரைந்த ஜேம்ஸ் கரன் என்ற பொறியாளர், முன்னர் வெப்ப நாடுகளில் வாழைத்தார்களைக் கப்பலில் ஏற்றும் கம்பிவடக் கருவியை அமைத்தவர். தார் தொங்கும் கொக்கிக்குப் பதிலாக நாற்காலி, அவ்வளவுதான் மாற்றம்! தோட்டத்துப் பழத்தைச் சுமந்த கருவியின் தம்பிதான் பனிமலையில் மனிதரைச் சுமக்கிறது. 1937-இல் சாங்க்ட் ஆன்டனிலும் பெரிய கம்பிவட வண்டி ஓடத் தொடங்கியது.

நல்ல காலம் நீடிக்கவில்லை. 1934-இல் ஆஸ்திரியாவில் சர்வாதிகாரம் வந்து, ‘இயற்கை நண்பர்கள்’ சங்கம் தடைசெய்யப்பட்டது, குடில்கள் பறிக்கப்பட்டன. 1938-இல் ஹிட்லரின் ஆட்சி ஆஸ்திரியாவை விழுங்கியது. நாஜிகளை எதிர்த்து நின்ற ஷ்னைடர் சிறைப்பட்டார். பின் விடுதலையாகி, 1939-இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போய், நார்த் கான்வே என்ற ஊரில் மீண்டும் பள்ளி நடத்தினார். 1955-இல் அங்கேயே காலமானார். நூர்ஹெய்மைப் போலவே அவரும் பிறந்த மண்ணில் உறங்கவில்லை.

போருக்குப்பின் மலையூர்கள் செழித்தன. ஆயினும் மலை தன் பழைய கோபத்தை மறந்துவிடவில்லை. சரிவில் குவிந்த பனி திடீரென்று நழுவி, இடிபோல் முழங்கி, வழியிலுள்ள அனைத்தையும் அழிப்பதைப் பனிச்சரிவு என்கிறோம். 1950-51 குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மலையில் 250-க்கும் மேற்பட்டோர் அதில் மாண்டனர். 1999 பிப்ரவரி 23-ஆம் நாள், ஆர்ல்பெர்க்குக்கு அருகிலுள்ள கால்ட்யூர் ஊரில் 31 பேர் இறந்தனர். அவர்களில் பலர் விடுமுறைக்கு வந்தவர்கள். ஊருக்கு மேலேயுள்ள காட்டை வெட்டக்கூடாது என்று மலைவாசிகள் நூற்றாண்டுகளுக்கு முன்பே கட்டுப்பாடு விதித்தது ஏனென்று இப்போது விளங்குகிறதல்லவா? மரங்களே பனியைத் தடுத்து நிறுத்தும் காவலர்கள்.

இப்போது வேறொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. உலகம் சூடேறி வருகிறது. தாழ்வான மலைகளில் போதிய பனி விழுவதில்லை. இயந்திரத்தால் நீரைப் பீய்ச்சிப் பனி செய்கிறார்கள். அப்படியும் முடியாமல் மூடிய இடங்கள் உண்டு. விடுதிகளில் வேலை செய்யவும் ஹங்கேரி, ஸ்லோவாக்கியா முதலிய நாடுகளிலிருந்து ஆட்கள் பருவந்தோறும் வருகிறார்கள். ஒரு காலத்தில் பிள்ளைகளைக் கூலிக்கு வெளியே அனுப்பிய மலை, இன்று வெளியாரைக் கூலிக்கு அழைக்கிறது. அவர்களை மதிப்போடு நடத்தவேண்டிய கடமை, தன் பழங்கதையை அறிந்த ஊருக்கு மற்றவர்களைவிட அதிகம்.

நேயர்களே, நாம் எல்லாரும் பனிமலைக்குப் போக வேண்டுமென்பதில்லை. ஆற்றங்கரைக்கோ, கடற்கரைக்கோ, உறவினர் வீட்டுக்கோ போனாலும் விடுமுறை விடுமுறைதான். ஆனால் ஓர் உண்மையை மனத்தில் வைப்போம். சம்பளத்துடன் கிடைக்கும் அந்தச் சில நாட்கள் எவரும் இரங்கிக் கொடுத்த பரிசல்ல. நெசவாளியும் கொல்லரும் ஆசிரியரும் பல ஆண்டுகள் உழைத்து உலகுக்கு ஈட்டித் தந்த சொத்து அது. அந்த நாட்களைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், வீணாக விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளோடு இருங்கள். விடுமுறை முடிந்ததும் அவர்கள் திரும்பிப் போகவேண்டிய இடம் பள்ளிக்கூடம் என்பதையும் மறவாதீர்கள். ஸ்வாபியப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் கிட்டாமல் போனது அதுதான்.